முழுப்பேர்

சனிக்கிழமை காலையில் உன்னைத் துலக்குகிறேன்.
புளியும் அடுப்புச் சாம்பலும்.
பிராசோ டப்பாவைப் போதகர் பூட்டி வைத்திருக்கிறார்,
ஈஸ்டருக்கு மட்டும் வெளியே வரும்.

டிக்கோயாவில் இந்தக் கல் சர்ச்சுக்கு
ஒன்பது பேர் வந்தால் அதிகம்.
நான் கும்பிடுவது மாரியம்மனை.
இங்கே கூட்டுவதற்குச் சம்பளம், அவ்வளவுதான்.

ஒருநாள் மகள் சித்திரலேகா
விரலால் தடவித் தடவி உன்னை வாசித்தாள்.
டெனிஸ் ஹார்வுட், பழைய பெரியதொரை மகன்.
வயது இருபத்திரண்டு.
நாற்பத்து மூன்றாம் வருஷம், சண்டைக் காலம்.
கொக்கலையில் தண்ணீரிலிருந்தே கிளம்புகிற பிளேனாம்,
கடல்மேல் போனது, திரும்பவில்லை.
"சுட்டுட்டாங்களா?" என்றேன்.
"இல்லம்மா. ஆக்சிடன்ட்னு போட்டிருக்கு."

அந்தச் சொல் எனக்குத் தெரியும்.
என் கைநாட்டுக்கு மேலே
ஆபீஸ் தாளில் டைப் அடித்திருந்த சொல்.
ரோதையில் கை போய், கையோடு ஆளும் போனபோது
காலை பதினொரு மணி.
செக்ரோலில் அன்றைக்கு என் வீட்டுக்காரருக்கு
அரைப்பேர் போட்டிருந்தார் கணக்கப்பிள்ளை.

உனக்கு முழுப்பேர்.
பித்தளையில், நாலு ஆணி அடித்து.

பொய் சொல்வானேன், கோபம் வந்தது.
மூன்று வாரம் உன்னைத் தொடவில்லை.
பச்சை பூத்துப் போனாய்.

பிறகு ஒரு மழையில் யோசித்தேன்.
இவர் குழி பதினாலாம் நம்பர் மலையில்.
மேலே புதுக்கன்று நட்டுவிட்டார்கள்,
இருந்தாலும் கால் வைத்தால் எனக்குத் தெரியும்.
உன் தாய்
எந்தத் தண்ணீரைப் பார்த்து அழுதிருப்பாள்?
இங்கே இருப்பதெல்லாம் பீலித் தண்ணீர்.

போன தையில் சித்திரலேகா குவைத்துக்குப் போனாள்.
கட்டுநாயக்கவில் கண்ணாடிக்கு வெளியே நின்று
எது அவளுடையது என்று தெரியாமல்
ஏறின பிளேனையெல்லாம் கும்பிட்டேன்.
திரும்பி வருகிற பஸ்ஸில், கினிகத்தேனைக்கு மேலே,
திடுக்கென்று உறைத்தது:
நடுவில் கடல் இருக்கிறதே.

ரோதைக்கு முனி உண்டு.
கவ்வாத்துக் கத்திக்குச் சாமி உண்டு.
பிளேனுக்கு யாரை வைத்திருக்கிறோம்?

வெற்றிலை, பாக்கு, ஒரு சிகரட்
(நீ பிடிப்பாயோ என்னவோ)
உன் பலகைக்கு அடியில் வைக்கிறேன்.
ஞாயிறு காலையில் போதகர் அப்புறப்படுத்துகிறார்,
ஒன்றும் கேட்பதில்லை.
சிகரட்டை அவர் எடுத்தாரா நீ எடுத்தாயா,
அது எனக்குத் தெரியாது.

இரண்டு வருஷ ஒப்பந்தம்.
அவள் வருகிற ராத்திரி
முன்னால் போ, தம்பி.
எந்த இடத்தில் என்ஜின் மூச்சு விடும் என்று
உன்னை விட்டால் யாருக்குத் தெரியும்?

புளி தின்று தின்று
உன் முதலெழுத்து மங்கிவிட்டது.
இனி மெல்லத்தான் தேய்ப்பேன்.
அவள் வந்து சேரும்வரை
முழுசாய் இருக்கட்டும் உன் பேர்.