பதினொரு நொடி

முப்பந்தல் பக்கம் ஓடும்போது
காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும்.
அந்த நேரத்தை நான் நம்புவதில்லை,
நோட்டில் பென்சிலால்தான் எழுதுவேன்.

திரும்பும்போது தெரியும்.
ஆரல்வாய்மொழிக் கணவாய் மொத்தமும்
மின்னியின் நெற்றிக்கு நேரே.
போதாததற்கு நேற்றைய சாரல்;
தாணுலிங்கம் வாழைத்தோட்டத்துத் திருப்பத்தில்
செம்மண் குளம்பைப் பிடித்துவைத்துப்
பேரம் பேசித்தான் விட்டது.

பங்குனியைவிடப் பதினொரு நொடி கூடுதல்.
"வயசாயிட்டு வே, வித்துப்போடும்"
என்றார் தரகர் ஞானசிகாமணி.

நான் காற்றாலையைக் காட்டினேன்.
பங்குனியில் அதன் மூன்று இறக்கையும்
எண்ணும்படி நின்றன.
தரையும் அன்று தட்டினால் ஒலிக்கும்.

அவர் கடிகாரத்தையே பார்த்தார்.

மின்னி காதைப் பின்னே மடித்து
இன்னும் காற்றோடு நின்றுகொண்டிருந்தாள்,
பந்தயம் முடிந்தது
அவளுக்கு மட்டும் சொல்லப்படாததுபோல.