தொண்ணூத்திமூணு

ஊட்டி மார்க்கெட்டுக்குப் பின்னால்
எங்கள் ஹோட்டலில்
கோபத்துக்குப் பெயர் தொண்ணூத்திமூணு.

தட்டு கழுவ வந்த ஜெகசோதி வைத்தது.
பிளஸ் டூ பிசிக்ஸில் பெயிலானவன்.
அந்தப் புத்தகத்தில் அவனோடு தங்கியது ஒரே வரி:
மலை ஏற ஏறத் தண்ணீர் முன்னாலேயே கொதிக்கும்.
இங்கே நூறு வரை காத்திருக்காது.
கொதிக்கும், ஆனால் உள்ளே போட்டது வேகாது.

அன்று உம்மர் மாஸ்டர்
வேகாத கொண்டைக்கடலையைத் தரையில் கொட்டி,
கரண்டியைக் கூரைக்கு வீசி,
கேஸ்காரன் கடலைக்காரன் கடவுள்
மூவரையும் ஒரே மூச்சில் திட்டியபோது
இவன் சிங்க்கைவிட்டுத் திரும்பாமலே சொன்னான்:
"தொண்ணூத்திமூணு வந்துருச்சு."

சிரித்தோம். மாஸ்டரும்தான், கடைசியில்,
குனிந்து கடலை பொறுக்கிக்கொண்டே.

அதற்கு முன் எங்களிடம் சொல் இல்லாமலா?
காண்டு இருந்தது, கடுப்பு இருந்தது,
மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறி வந்த டென்ஷன் இருந்தது.
பாதிச் சொற்கள் அடுப்படியில் எடுத்தவையே:
பொங்கிட்டான், தாளிச்சிட்டா, வறுத்தெடுத்துட்டார்.
எல்லாம் கீழே செய்தவை.
ஸ்வெட்டர் போடாமல் வந்தவர்கள் மாதிரி
இங்கே கொஞ்சம் நடுங்கின.

இது ஊர்க்காரச் சொல்.
ஒரு வாரத்தில் ஜீப் ஸ்டாண்டுக்குப் போய்விட்டது.
"எண்பதுல நிக்கிறேன், வாயக் கிளறாதே."
"உங்கக்கா காலையிலேயே தொண்ணூறு."
மே மாதம் முழுக்க ஊரே தொண்ணூத்திரெண்டரை.
பார்க்கிங்கில் மல்லுக்கு நின்ற ஒருவர்
பக்கத்தில் கேட்டார்: அது பஸ் நம்பரா?

போன செவ்வாய் எனக்கு ஒரு போன்.
யார், என்ன என்பது வேண்டாம்.
கல்லாவில் ஐந்து ரூபாய்க் காசுகளை
அடுக்கிக்கொண்டிருந்தேன்.
அடுக்கு சரிந்தது. ஒரு கத்தல்.
நாலாம் டேபிளில் டீ சிந்தியது.
கத்தியது நான்தான் என்று
தொண்டை எரிந்த பிறகே தெரிந்தது.

யாரும் எண் சொல்லவில்லை.
ஜெகசோதி குழாயை மூடினான்.
மாஸ்டர் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு
என் காசுகளைப் பொறுக்க உட்கார்ந்தார்,
கடலை பொறுக்கிய அதே குந்தலில்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு நானே சொன்னேன்,
தொண்ணூத்திமூணு.

"இல்லக்கா," என்றான் ஜெகசோதி.
அதற்கு மேல் அவனுக்கும் வரவில்லை.

உள்ளே அண்டா தளதளத்துக்கொண்டிருந்தது.
மதியத்துக்குள் கடலை வெந்தாக வேண்டும்.