பன்னிரண்டாம் கேள்வி

சீட்டா கேம்ப், இ செக்டார்.
படிவத்தில் அவளுக்குப் பெயர் கிடையாது, நாற்பத்தேழு.
எனக்குத் தெரியும், ஜெய்லானி பீவி,
சட்டைக்குப் பித்தான் தைப்பவள்.
நான் கேட்கக் கேட்க அவள் விரல்கள் நிற்கவில்லை.

“கடந்த இரண்டு வாரங்களில்
தனிமையை எத்தனை முறை உணர்ந்தீர்கள்?
ஒருபோதும் இல்லை, எப்போதாவது, அடிக்கடி, எப்போதும்.”
நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுச் சொன்னாள்:
ஒருபோதும் இல்லை.

இரண்டு வாரம் கழித்துப் போனேன். மழை.
மான்குர்ட் ஷேர் ஆட்டோவில்
டேப்லெட்டைத் துப்பட்டாவுக்குள் பொத்தி வைத்திருந்தேன்.
அதே கேள்வி, அதே குரல் என்பது விதி.
தலையாட்டக் கூடாது. அடடா என்று சொல்லக் கூடாது.
ஒருபோதும் இல்லை.
பிறகு பிரிசில்லாவை அனுப்பினார்கள்,
என்னை நம்பாமல் அல்ல, முறைக்காக.
அவளிடமும் அதுவே.

பொவாய் அலுவலகத்தில் ஷிரோட்கர் மேடம்
திரையைத் திருப்பிக் காட்டினார்:
புள்ளி ஒன்பது ஒன்று.
நம்பகத்தன்மை இதற்கு மேல் கேட்கக் கூடாது என்றார்.
அறுபது பெண்களில் நாற்பத்தொருவருக்குத் தனிமையே இல்லை.
நெரிசலும் நெருக்கமும் என்று
கட்டுரைக்குத் தலைப்புகூட வந்துவிட்டது.
சமோசா வாங்கி வந்தார்கள். நானும் இரண்டு தின்றேன்.

மொழிபெயர்ப்பில் குறை சொல்ல முடியாது.
ஒருவர் தமிழாக்கினார்,
மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதை ஆங்கிலத்துக்குத் திருப்பினார்.
போன சொல் அப்படியே வந்து சேர்ந்தது,
வழியில் யார் வீட்டிலும் நுழையாமல்.

குடையை அங்கே மறந்திருந்தேன்.
எடுக்கப் போனபோது
கழிப்பறை வரிசையில் டப்பாவோடு நின்றாள்.
டேப்லெட் இல்லை, கையெழுத்து இல்லை, சும்மா கேட்டேன்.
“நான் பொய் சொல்லல பிள்ள.
பத்துக்குப் பன்னெண்டு ரூம்பு, எட்டுப் பேரு.
தனிமெ எங்க கெடைக்கி?
ஒரு மணி நேரம் கெடைச்சா
கதவச் சாத்திட்டு சும்மா கெடப்பேன்.”

சரி, மனசு விட்டுப் பேச ஆள் இருக்கா?
வரிசை நகர்ந்தது.
காலால் டப்பாவை ஓரடி தள்ளினாள்.
“பேசவா?” என்றாள்.
சிரித்த மாதிரி இருந்தது.
அந்தச் சிரிப்புக்கு நான்கு கட்டங்களில்
எதில் புள்ளி வைப்பது?

வரிசைக்கு எதிரே டீக்கடைக் கடிகாரம்
வருஷக்கணக்காகப் பன்னிரண்டு நிமிஷம் முந்தி ஓடுகிறது.
யாரும் திருத்துவதில்லை.
கழித்துக்கொள்கிறார்கள், வேலைக்குச் சரியாகப் போகிறார்கள்.
மாறாத பிழை பிழையே இல்லை,
எவ்வளவு கழிக்க வேண்டும் என்று தெரிந்தால்.
எங்களுக்குத் தெரியவில்லை.
அதுவும் புள்ளி ஒன்பது ஒன்று உறுதியோடு.

மேடம் கெட்டவர் அல்ல.
முழுவதும் கேட்டார். பேனாவை மூடினார்.
“அப்படியானால் மூன்று தடவையும்
உண்மையைத்தான் சொல்லியிருக்கிறாள்.”
ஆமாம் மேடம்.
“நாம் கேட்காத கேள்விக்கு.”
ஏசியின் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம்.
நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதுபோல்
படிவத்தைத் தூக்கிப் பார்த்தார்.
செல்லுமா, செல்லாதா.
மற்ற நாற்பது பேரையும் யார் போய்க் கேட்பது,
எந்த வரிசையில் நின்று?
பணம் டிசம்பரோடு முடிகிறது.

திரும்பும்போது ஹார்பர் லைன், லேடீஸ் டப்பா.
என் முதுகில் யாருடைய முழங்கையோ,
என் தோளில் யாருடைய ஈரக் கூந்தலோ.
பயிற்சிக்கென்று இருக்கும் சுழி எண்ணில் நுழைந்து
பன்னிரண்டாம் கேள்வியைத் திறந்தேன்.
கடந்த இரண்டு வாரங்களில்.
அம்மாவின் போனை எடுக்காத நாட்கள் நினைவுக்கு வந்தன.
விடுதி அறையில் ஐந்தாவது கட்டில் போட்ட நாளும்.
இதில் எதைக் கேட்கிறது இந்தக் கேள்வி?
விரல் கண்ணாடிக்கு மேல் நின்றது.

கோவண்டியில் கூட்டம் ஏறியது.
பின்னாலிருந்து ஒரு தள்ளு,
விரல் எதிலோ பதிந்தது,
நன்றி, உங்கள் பதில் சேமிக்கப்பட்டது.
எந்தப் பதில் என்று
குனிந்து பார்க்கக்கூட இடமில்லை.