கதவுக்கு வெளியே அண்ணன்

ரோட்டர்டாம். ஐந்தாம் மாடி. மழை.
"யாராவது வற்புறுத்தினார்களா?"
மருத்துவர் டச்சில் கேட்டதைக்
கிரியோல் மொழியில் வைக்கிறேன்
கேப் வெர்டியிலிருந்து வந்த சுல்மீராவின் முன்னால்.

இல்லை என்கிறாள்,
கேள்வி முடியுமுன்பே.

"வேண்டாமென்றால் சொல்லுங்கள்.
பொருந்தவில்லை என்று மட்டும்
அண்ணனிடம் சொல்வோம்.
காரணம் இந்த அறையைத் தாண்டாது."

கைப்பையின் ஜிப்பை
மூடித் திறந்து மூடுகிறாள்.
விசா இன்னும் ஐம்பது நாள்.
மீன் ஆலையில் விடுப்பு அதில் பாதி.

ஊர் திரும்பியபின்
ரத்த அழுத்தம் யார் பார்ப்பார்கள்?
வாரம் ஒரு கப்பல்;
சிலசமயம் அதில் ஒரு நர்ஸ்.
மருத்துவரின் பேனா நிற்கிறது.

பிறகு அவள் கேட்டது ஒன்றுதான்:
"அப்படிச் சொன்னால்
அவன் நம்புவானா?"

ஒன்பது வருடத்தில்
ஒரு சொல்லையும் தாமதித்ததில்லை நான்.
இதற்கு மட்டும்
தண்ணீர் குடித்துவிட்டுத்தான்
வாய் திறந்தேன்.