நாலாம் கேள்வி

சனிக்கிழமை ஒன்பது மணி.
மல்லாவிப் பொதுநோக்கு மண்டபத்தில்
பதினாறு மேசை, முப்பத்திரண்டு கதிரை.
பதாகையில்: இரு தலைமுறை, ஒரு மேசை.
அதன் கீழ் மூலையில்
பணம் தந்த நாட்டின் சின்னம்
மடிப்பு விழுந்து கிடக்கும்.

என் பெயரைக் கொடுத்தது விதானையார்.
"தனியத்தானே இருக்கிறியள், மிஸ்."
முப்பத்தொரு வருசம் உபதபாலகம் நடத்தினவள் நான்.
அப்போது தனிமை
ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வரும்.
இப்போது கிழமை பார்ப்பதில்லை.
இதையெல்லாம் விதானைக்குச் சொல்லவா முடியும்?

எனக்கு விழுந்த சோடி யதுசன். வயது பத்தொன்பது.
கையில் பத்துக் கேள்விப் படிவம்.
"உங்கட பேர்..." என்று தொடங்கினான்.
மிச்சத்தை
நெற்றியை மேசையில் வைத்துக் கேட்டான்.
நல்ல நித்திரை.

சட்டையில் வெடிமருந்து மணம்.
அந்த மணத்துக்கு என் முதுகு
என்னைக் கேளாமலே நிமிர்ந்துகொண்டது.
பிறகுதான் தெரியும்:
வவுனிக்குளத்துக்குக் கீழே
பத்துப் பேரின் வயலுக்கு இவன்தான் இரவுக் காவல்.
யானை வெடி. ஏக்கருக்கு இவ்வளவென்று கூலி.

திட்ட அலுவலர் தாட்சாயணி
மேசை மேசையாக வந்துகொண்டிருந்தாள்.
படிவத்தை என் பக்கம் இழுத்தேன்.
எனக்கென்ன புதிதா?
காசுக்கட்டளை, தந்தி,
காணாமற்போன பிள்ளைகளின் விபரம்
மூன்று பிரதி, நீல மை,
புள்ளிக்கோட்டின் மேல் ஒப்பம்.
எத்தனை பேருக்கு எழுதிக் கொடுத்த கை.

நாலாம் கேள்வி:
மூத்தவரிடமிருந்து நீங்கள் கற்றுக்கொண்டது என்ன?
"பொறுமை" என்று எழுதினேன்.
எந்தக் கந்தோரிலும் செல்லும்.

பக்கத்து மேசையில் குணநாயகம்
ஒவ்வொரு கிழமையும் இடம்பெயர்ந்த கதையைக்
கிளிநொச்சியில் தொடங்குவார்.
விசுவமடுவுக்கு வர முன்னம் பிளேன்டீயும் பணிசும் வந்துவிடும்.
அடுத்த கிழமை
திரும்பக் கிளிநொச்சி.

இரண்டாம் கிழமை "நேரம் தவறாமை."
மூன்றாம் கிழமை என் கை துணிந்துவிட்டது:
"தபாலட்டையை மோந்து பார்த்தே
எந்த ஊர் மழையில் நனைந்ததென்று சொல்லக்கூடியவர்."
பொய். பிறந்ததிலிருந்து எனக்குப் பீனிச மூக்கு.
ஆனால் எழுதி முடிய அந்த மிஸ்
என்னைவிட நல்ல ஆளாயிருந்தா.
அவன் மெல்லக் குறட்டை விட்டான்.
மின்விசிறியை அவன் பக்கம் திருப்பி வைத்தேன்.

ஐந்தாம் கிழமை கதிரை வெறுமை.
வெறுங்கதிரைக்கும் படிவம் நிரப்பிக் கொடுத்தேன்.
ஒருவரும் கேட்கவில்லை.

ஆறாம் கிழமை வந்தான்.
வலது கை மணிக்கட்டுவரை வெள்ளைத் துணி.
நோவு நித்திரையைத் துரத்தியிருக்க வேண்டும்,
முழித்திருந்தான்.
முதன்முதலாய் என் முகத்தைப் பார்த்தான்.
"மிஸ், இவ்வளவு நாளும் நான் என்ன சொன்னனான்?"

எல்லாவற்றையும் ஒப்புவித்தேன்.
தபாலட்டையில் மறித்தான்.
"உண்மையோ?"
"இல்லை."
"பரவாயில்லை, கிடக்கட்டும்."

பேந்து, நான் கேளாமலே:
திரியைப் பற்ற வைத்த பிறகுதான் கண்டானாம்,
தாயின் காலுக்குள் ஒரு குட்டி.
எறியிறதெண்டால் அதுக்குக் கிட்டத்தான் விழும்.
மற்றப் பக்கம் பரணில்
இவனோடு காவலிருக்கிற பெடியன்.
எங்கை எறியிறதெண்டு தெரியாமல்
கையிலையே வைச்சிருந்தானாம்.

பேனாவை மூடினேன்.
நாலாம் கேள்விக்கு இரண்டு கோடு விட்டிருந்தார்கள்.
"இது விடுபட்டுட்டுது, மிஸ்" என்றாள் தாட்சாயணி.
"விடுபடேல்லைப் பிள்ளை."

இடது கையால் ஒப்பம் வைத்தான்.
எழுத்துகள் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு நின்றன.
"செல்லுமோ, மிஸ்?"
பழக்கதோசம்.
முத்திரை குத்துகிற மாதிரி
உள்ளங்கையால் அதன்மேல் ஓங்கி ஒரு தட்டு.

சத்தத்துக்கு
இரண்டு பேருமே திடுக்கிட்டோம்.