ஒன்பது ரொட்டி பாக்கி

மாரிபோரில், த்ராவா நதிப் பாலத்துக்கு இந்தப் பக்கம்
ஆறரை மணிக்கே கண்ணாடியில் ஆவி படியும் கடை.
கல்லாவை ஒட்டி, கறுப்புக் கட்டங்களின் சதுரம் ஒன்று,
மூலை கிழிந்து, மாவு அப்பி.
கைப்பேசியைக் காட்டுவார்கள். ஒரு மூச்சு. டிங்.
மொனேரோ வந்தது என்று தெரியும்,
யாரிடமிருந்து என்று தெரியாது.
காதும் காதும் வைத்தாற்போல் ஒரு காசு.

அட்டையைத் தேய்த்தால்
வங்கிக்குத் தெரியும்,
மாதக் கடைசியில் ஸ்லாவிட்சாவின் கணவருக்கும் தெரியும்.
சாப்பாட்டு மேசையில் வரிவரியாக
செய்தி வாசிப்பவர் குரலில் வாசிப்பாராம்:
"பதினொன்றாம் தேதி. அக்ரூட் சுருள், இரண்டு.
இரண்டாவது யாருக்கு?"

இரண்டாவதும் அவளுக்குத்தான்.
பேருந்து நிறுத்தத்தில் நின்றபடியே தின்பாள்,
கையுறையைக் கழற்றி, விரல்களை நக்கிக்கொண்டு.

மடியில் கனமில்லை என்றால் வழியில் ஏன் பயம் என்று
வரி அலுவலகத்துக்காரர் கேட்டார் ஒருநாள்.
நல்ல மனிதர்தான். தினமும் ரை ரொட்டி, அரை.
கனம் ஒன்றுமில்லை, மடி என்னுடையது, அவ்வளவுதான்
என்று சொல்ல வாயெடுத்து
சில்லறையை எண்ணிக் கொடுத்தேன்.

பிறகு அந்தச் செவ்வாய்க்கிழமை.
கூட்ட நேரத்தில் யாரோ
புள்ளியை ஓரிடம் தள்ளி வைத்துவிட்டார்கள்.
ஒரு ரொட்டிக்குப் பத்து ரொட்டியின் பணம்.
திருப்பி அனுப்பலாமென்றால் வந்த தடமே இல்லை.
முதலாளி யெர்னெய் தலையைச் சொறிந்தார்,
தலையெல்லாம் மாவு.

கதவில் எழுதி ஒட்டினோம்:
செவ்வாய் காலை அதிகம் கொடுத்தவர் வரவும்.
அனுப்பியதன் சாவி உங்கள் கைப்பேசியில் இருக்கும்.
அதைக் காட்டினால் போதும், பெயர் வேண்டாம்.
மூன்று பேர் வந்தார்கள்.
மூவரிடமும் சாவி இல்லை.
ஒருவர் மட்டும் சிரித்து, சும்மா கேட்டுப் பார்த்தேன் என்றார்.

எனக்கு யாரென்று தெரியும் என்று நினைக்கிறேன்.
ஏட்டுக்குத்தான் கண்ணில்லை, எனக்கு உண்டு.
ஏழு இருபதுக்கு, இரவுப் பணி முடிந்து வரும் செவிலி.
அன்று அவள் கட்டைவிரலில் பிளாஸ்திரி.
அறிவிப்பை நின்று படித்தாள், இரண்டு முறை.
ஒன்றும் சொல்லாமல் போனாள்.
சொல்ல விரும்பாதவளிடம் கேட்பதற்கு
நான் என்ன, வங்கியா?

மறுநாள் அவள் பைக்குள் ஒன்று கூடுதலாக வைத்தேன்.
"நான் கேட்கவில்லையே."
"நேற்றுச் சுட்டது, வீணாகும்" என்றேன்.
கையில் சூடாக இருந்தது அந்தப் பொய்.

கல்லாவுக்கு அடியில், யெர்னெய் குனியாத இடத்தில்
சாக்குக்கட்டியால் கோடுகள்:
ஒன்பது, எட்டு, ஏழு.
ஐந்தில் வந்து நிற்கிறது.
வேறு யாராவதாக இருந்தால்?
இருந்தால் இருக்கட்டும் என்று
இன்னும் முழுதாகச் சொல்ல வரவில்லை எனக்கு.

இன்று ஸ்லாவிட்சா வந்தாள். டிங். இரண்டு சுருள்.
கதவைக் காட்டிக் கேட்டாள்:
"கிடைத்ததா, அந்தப் பாக்கி, அவளுக்கு?"

"யாருக்கு?" என்றேன்.