காற்றில்லாத செவ்வாய்

பதினேழு நாள்.
நண்டு ஆலையில் எடை போடுகிறவள் நான்,
எண்ணிக்கை எனக்குத் தப்பாது.
கூடைக்குப் பதினெட்டு கிலோ, பனிக்கட்டி நீங்கலாக.
ஓர் இரவுக்கு எவ்வளவு என்று
எந்தத் தராசும் இதுவரை சொன்னதில்லை.

அவன் பெயர் எலியேசர்.
புவெர்த்தோ மோன்ட்டிலிருந்து சரக்கு லாரியோடு வந்தவன்.
நன்றாகச் சிரித்தான்.
ரொட்டியைப் பிய்த்து மெத்தென்ற பாதியை
என் பக்கம் வைத்தான்.
"இருக்கிறதா?" என்றேன்.
"வண்டியில் இருக்கிறது" என்றான்.
வண்டி துறைமுகத்தில் நின்றது.
வெளியே நீரிணையைச் சுருட்டி எறிகிற காற்று.
யார் எழுந்து போவது?

இவ்வளவுதான் நடந்தது.
இன்னும் கொஞ்சம் பெரிய கதையாக இருந்திருந்தால்
மறைப்பதற்காவது பொருத்தமாக இருந்திருக்கும்.

முதல் வாரம் என் உடம்பை நானே வேவு பார்த்தேன்.
கழுத்தைத் தடவி, நாக்கை நீட்டி,
தொண்டை கரகரத்தால்
இது குளிரா அதுவா என்று.
அதற்கு நான் பெயர் வைக்கவில்லை.
பெயர் வைத்தால் அப்புறம்
வீட்டில் இடம் கொடுக்க வேண்டும்.
இரண்டாம் வாரம் ஒன்றுமே இல்லை.
அந்த ஒன்றுமில்லாததுதான்
தூக்கத்தைத் தின்றது.

"பார்த்தால் சுத்தமான ஆளாகத்தானே இருந்தான்"
என்றாள் மிலென்கா, கையுறையைக் கழற்றியபடி.
நாளெல்லாம் நண்டு பார்க்கிறோம் இரண்டு பேரும்.
ஓடு மினுமினுக்கும்.
உள்ளே சதையா வெறும் தண்ணீரா
என்று ஓட்டுக்குத் தெரியாது.
தூக்கிப் பார்க்க வேண்டும்.
சொன்ன பிறகு அவளுக்கும் அது உறைத்திருக்கும்,
தொட்டியைக் கழுவப் போய்விட்டாள்.

புன்தா அரேனாஸில் காற்றுக் காலத்தில்
தெருமுனைகளில் கயிறு கட்டுவார்கள்,
பிடித்துப் பிடித்து நடக்க.
சுகாதார நிலையத்துக்கு எதிரிலும் ஒன்று.
வியாழன் அதைப் பிடித்து நின்றேன்.
வெள்ளியும் நின்றேன்.
கதவைப் பார்த்தேன், திரும்பினேன்.
முன்மேசையில் உட்காருகிறவள் த்ரினா,
பள்ளியில் எனக்குப் பின்வரிசை,
வாய்க்குப் பூட்டில்லாதவள்.
யாராவது கேட்டால் காற்று என்று சொல்லலாம்,
காற்று அடங்கட்டும் என்று நிற்கிறேன்,
வேறென்ன.

செவ்வாய்க்கிழமை காற்றே இல்லை.
கொடியில் ஒரு துணி ஆடவில்லை.
கயிறு தொய்ந்து கிடந்தது.
அதைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒருத்தியை
ரொட்டி வாங்கப் போன கிழவர்
நின்று பார்த்தார்.

தைரியம் என்று இதை எழுத மாட்டேன்.
கூச்சம் இந்தப் பக்கத்தைவிட
அந்தப் பக்கம் கொஞ்சம் குறைவாக இருந்தது,
தெருவைக் கடந்தேன்.

த்ரினா நிமிர்ந்தாள். குனிந்தாள்.
"குடும்பப் பெயர்?"
"வுகாசோவிச்."
"எழுத்து எழுத்தாகச் சொல்லுங்கள்."
முப்பது வருடமாகத் தெரிந்த பெயரை
முதல் தடவை கேட்கிறவள்போல
ஒவ்வோர் எழுத்தாக எழுதினாள்.
"நீங்கள்" வேறு.
இப்போது ஒன்று, பிறகு இன்னொன்று,
இரண்டுக்கும் வர வேண்டும் என்றாள்
சுவரொட்டியிடம் சொல்வதுபோல.

நாற்பத்தாறாம் எண்.
ஓடிக்கொண்டிருப்பது நாற்பத்து மூன்று.
எலியேசருக்கு எழுதினேன்:
நான் வந்திருக்கிறேன். நீயும் போ.
கட்டைவிரல் ஒன்றை அனுப்பினான்.
எதற்குக் கட்டைவிரல்?
எனக்கா, தனக்கா, நல்ல வானிலைக்கா?

விரலில் குத்துவார்களா கையிலா
என்று கேட்க மறந்துவிட்டேன்.
எதற்கும் இருக்கட்டுமென்று
இடக்கைச் சட்டையை
முழங்கைக்கு மேல் மடித்துவிட்டு
உட்கார்ந்திருக்கிறேன்.
நண்டு வாடை கொஞ்சம் அடிக்கிறது.